பூபதி வீட்டுக் கூழைக்கடா

பூபதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவனுடைய தூக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல்திட்டில் ஊத்துமேட்டுக் குப்பம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பியதாகச் சொல்லிக்கொள்ள ஒருத்தர்கூடக் கிடையாது. அவனாக எழுந்தால்தான் உண்டு. ஒருமுறை புயல் வருகிறதென்று தண்டோரா போட வந்தவன் அவன் வாசலிலேயே நின்று கை ஓயுமட்டும் அடித்தான். பூபதி புரண்டு படுத்தான். தண்டோராக்காரன் மனசு விட்டுப்போய், அடுத்த தெருவுக்கு அடிக்காமலே திரும்பிவிட்டான்.

தூங்குகிறவன் தூங்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். அவனுக்குத்தான் நஷ்டம். ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம். அவற்றை வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். ஊர்த் தலைவர் சுப்பராயலு நாட்டாரின் நீளநோட்டில் பேர் உள்ளவனுக்குத்தான் பாடு உண்டு. அப்படி நோட்டில் இருக்கிற பேரைத் தலைக்கட்டு என்பார்கள். பாடு விழுந்த நாளன்று பொழுது விடியும்போது அந்த வீட்டு ஆள் படகோடு தன் இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறைக்காரன் வலை கட்டிக்கொள்ளலாம். மூன்று தரம் தவறினால் நாட்டார் பேரை அடித்துவிடுவார். பேர் போனவன் ஏரியில் வலை கட்ட முடியாது, திருவிழாவில் சாமி தூக்க முடியாது, ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க முடியாது.

பூபதி இரண்டு தரம் தவறியிருந்தான். முதல் தரம் வீட்டில் தூங்கினான். இரண்டாம் தரம் அவன் மனைவி கஸ்தூரியம்மாள் முந்தின நாளே அவனைப் படகுக்குத் துரத்திவிட்டாள். படகில் போய்த் தூங்கினான். படகைக் கட்ட மறந்துவிட்டான். விடிந்தபோது படகு ஒதுங்கிய அக்கரையில் சுண்ணாம்புக்குளத்துக்காரர்கள் அவனைச் சுற்றி நின்று, இவன் யார், இறந்துவிட்டானா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது தரம் எழுபத்தேழாம் வருஷம் மார்கழியில் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் மெட்ராசிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் ஜீப்பில் வந்திருந்தார்கள். வாத்து சுட வந்தவர்கள், வாத்து கிடைக்காத கோபத்தில் ஒரு கூழைக்கடாப் பறவையைச் சுட்டுவிட்டுப் போனார்கள். குண்டு இறக்கையில் பட்டது. அது தத்தித் தத்தி நீந்தி வந்து பூபதியின் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பூபதிக்குச் சந்தோஷம். குழம்பு வைக்கலாம் என்று கழுத்தைப் பிடித்து வீட்டுக்குத் தூக்கிப் போனான்.

"இத்த ஆக்குனா சட்டி நாறும்," என்றாள் கஸ்தூரியம்மாள். "அது வெளிய போவணும். இல்லாங்காட்டி அத்தோட நீயும் வெளிய போவணும்."

திரும்பப் படகிலேயே விட்டான். அது போகவில்லை. பசித்தால் அவன் லுங்கியைக் கவ்வி இழுத்தது. லுங்கியைக் காப்பாற்றுவதற்காக அவன் கழிவு மீனைப் போட்டான். பட்சி நேசமெல்லாம் கிடையாது. அதைப் பிற்பாடு பேப்பரில் வேறு மாதிரி எழுதினார்கள்.

பாடு விழுந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் படகைத் தன் இடத்துக்குக் கொண்டுபோய், இந்தத் தரம் மறக்காமல் கழியில் இறுக்கிக் கட்டினான். குளிர் எலும்பைத் தொட்டது. ஏரியில் அங்கே இடுப்பளவு தண்ணீர்தான். வீட்டுக்கு நடந்து போய்க் கொஞ்சம் கண் மூடிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தான். பூபதியின் வாழ்க்கையில் நடந்த கேடெல்லாம் இந்தக் கொஞ்சம் என்ற சொல்லில்தான் ஆரம்பித்தது. தலையில் மாட்டியிருந்த கோணிக் கொங்காணியைக் கழற்றிப் படகின் முனையில் வைத்துவிட்டுப் போனான். கூழைக்கடாவுக்கும் குளிரத்தானே செய்யும். அது கொங்காணிக்குள் புகுந்துகொண்டது.

விடியற்காலையில் ஏரி முழுக்கப் பனி. அடுத்த முறைக்காரன் ராஜவேலு ஆசையோடு படகைத் தள்ளிக்கொண்டு வந்தான். பூபதி தூங்கியிருப்பான், பாட்டை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆசை. பார்த்தால் படகின் முனையில் கொங்காணி போட்டுக்கொண்டு ஒருத்தன் குந்தியிருக்கிறான்.

"பூபதி, முழிச்சினுதான் கீறியா?"

"உர்," என்று பதில் வந்தது.

"நெருப்புப் பெட்டி கீதா?"

"உர்."

இல்லை என்று எடுத்துக்கொண்டான் ராஜவேலு. காலை நேரத்தில் பூபதி அவ்வளவுதான் பேசுவான் என்பது ஊருக்கே தெரியும். பாடு கிடைக்காத ஏமாற்றத்தில் பக்கத்திலேயே படகை நிறுத்தி, தன் மாமியார் வந்து மூன்று மாதமாகப் போகாமல் இருக்கிற கதையைச் சொல்ல ஆரம்பித்தான். மாமியார் சாப்பிடுவது, மாமியார் குறட்டை விடுவது, மாமியார் தன்னை அற்பம் என்று சொன்னது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது இரண்டு தரம் கண் கலங்கியது. அவன் பேச்சை யாரும் அதுவரை அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

பனி விலகி வெயில் வந்தது. கரையில் ஒருத்தன் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விழுந்தடித்து ஓடி வருவதை ராஜவேலு பார்த்தான். அது பூபதி. அப்படியானால் இது யார் என்று கொங்காணியை விலக்கினான். ஒரு முழ நீள அலகு அவன் மூக்குக்கு நேராகத் திறந்தது.

அன்று மத்தியானமே கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. சுப்பராயலு நாட்டாரிடம் இரண்டு குணம் உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் விசாரிப்பார். இன்னொன்று, சொன்ன தீர்ப்பை உயிர் போனாலும் மாற்ற மாட்டார்.

"நீ கூப்ட்டியா?" என்று ராஜவேலுவைக் கேட்டார்.

"கூப்ட்டேன் நாட்டாரே."

"பதில் வந்துச்சா?"

"உர்ருனு வந்துச்சு."

"பூபதி காலைல எப்படிப் பேசுவான்?"

ராஜவேலு தலையைச் சொறிந்தான். "உர்ருனுதான் பேசுவான்."

"ஆள் கீதுனு நெனச்சுத்தானே ஒதுங்கி நின்னே?"

"நெனச்சுதான் நின்னேன். ஆனா அது பறவை நாட்டாரே."

"பறவைனு தெரிஞ்சா மாமியார் கதைய சொன்னே?"

கூட்டம் சிரித்தது. ராஜவேலுவுக்கு அன்றைக்கே பாதி வழக்கு தோற்றுப்போனது. மாமியாரும் கூட்டத்தில் இருந்ததால் மீதிப் பாதி வீட்டில் தோற்றது.

நாட்டார் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். பாடு தவறவில்லை. பூபதி வீட்டு ஆள் ஒருவர் காத்திருக்கிறார். அந்தக் கூழைக்கடா இனிமேல் பூபதி வீட்டு ஆள். அதன்மேல் கை வைக்கிறவன் தலைக்கட்டுக்காரன்மேல் கை வைத்த குற்றத்துக்கு ஆளாவான். அதே சமயம் இது தப்பித்துக்கொள்ளச் செய்த தந்திரம் என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது. ஆகவே அது உயிரோடு இருக்கிற வரைதான் பூபதிக்குத் தலைக்கட்டு. அதற்கு ஏதாவது ஆனால் மூன்றாவது தரமும் தவறியதாகக் கணக்கு. நோட்டில் பேர் அடிக்கப்படும்.

பூபதி தப்பித்தோம் என்று கும்பிட்டான். கஸ்தூரியம்மாளுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. தன் மூன்று பெண் குழந்தைகளின் சோறு ஒரு பறவையின் இறக்கையில் தொங்குகிறது. வீட்டுக்குப் போனதும் நல்ல மடவை மீனாகப் பார்த்து ஒன்றை எடுத்துக் கூழைக்கடாவுக்குப் போட்டாள். புருஷனுக்குத் துவையல்தான்.

அதற்கப்புறம் பூபதி பட்ட பாட்டைக் கேளுங்கள். அது அடுத்தவன் வலையில் புகுந்து இறாலை விழுங்கினால், "உம் புள்ள இன்னா பண்ணிட்டு வந்துருக்குது பாரு," என்று பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். நாய் துரத்தினால் பூபதி நாயைத் துரத்தினான். தை முழுக்க அதன் இறக்கைக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினான். காயம் ஆறியது. எலும்பு கூடிய இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு மட்டும் நின்றது. மாசி மாதம் ஒருநாள் அது இறக்கையை அடித்து எழும்பி, ஏரி நடுவில் இருந்த தன் கூட்டத்தில் போய் இறங்கியது.

ஊரே கைதட்டியது. பூபதி மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"நம்மளுது எதும்மே?" என்று கஸ்தூரியம்மாளைக் கேட்டான். ஏரியில் இருநூறு கூழைக்கடாக்கள் மிதந்தன. இருநூறும் ஒரே மாதிரி இருந்தன. முடிச்சைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும், தொட எது நிற்கும்?

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எதுனு தெரியாங்காட்டி, எல்லாத்தையும் பாத்துக்க வேண்டிதுதான்," என்றாள்.

பழவேற்காட்டில் பறவைப் பாதுகாப்பு இப்படித்தான் ஆரம்பித்தது. பெரிய மகான் யாரும் வந்து ஆரம்பிக்கவில்லை.

பூபதி அதிகாலையில் எழ ஆரம்பித்தான். இதை முதலில் யாரும் நம்பவில்லை. துப்பாக்கிக்காரர்கள் விடியும்போதுதான் வருவார்கள் என்பதால் அவர்களுக்கு முன்னால் எழுந்தாக வேண்டும். ஒரு டால்டா டின்னும் குச்சியும் எடுத்துக்கொண்டு படகில் போவான். துப்பாக்கி உயர்ந்தால் டின்னை அடிப்பான். பறவைகள் எழும்பிவிடும். துப்பாக்கிக்காரர் திட்டுவார். "மன்னிச்சுக்க சார், அந்தக் கும்பல்ல ஒண்ணு எங்க வூட்டாளு," என்பான் பூபதி. பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு சிலர் போய்விடுவார்கள். சிலர் பைத்தியத்தையே சுடலாமா என்று யோசிப்பார்கள்.

இதில் பிழைப்பு கெட்டவர் அமீர் ஜான். பழவேற்காட்டுப் பெரிய பள்ளிவாசல் தெருக்காரர், துப்பாக்கிக்காரர்களுக்குப் படகு ஓட்டுகிறவர். நேராகப் பூபதி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏம்பா, உன் தகரத்தால என் படகுக்கு ஆள் வர்றதில்ல. எந்தப் பறவை உன்னோடதுனு சொல்லிடு. அத்த உட்டுட்டு மத்தத சுடச் சொல்றேன்."

"அது தெரிஞ்சா நான் ஏன் பாய் இந்தக் குளுர்ல எழுந்துக்கறேன்?"

அமீர் ஜான் கஸ்தூரியம்மாள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் காலேஜ் வாத்தியார் ஒருவர் தொலைநோக்கிக் கண்ணாடியோடு பறவை எண்ண வந்தபோது, வேறு வழியில்லாமல் அவரை ஏற்றிக்கொண்டார். திரும்பி வந்து பூபதியிடம் சொன்னார்: "துப்பாக்கிக்காரன் நாள் பூரா என்னைத் திட்டுவான். இந்த மனுசன் வாயே தொறக்கல. பறவையப் பாத்தாரு, எழுதுனாரு, அதே காசைக் குடுத்தாரு. வாத்தைத் தூக்கிக் கழுவுற வேலையும் இல்ல." அன்று முதல் அமீர் ஜான் படகில் துப்பாக்கிக்கு இடம் கிடையாது.

பூபதிக்கு இன்னொரு கவலை இருந்தது. மழைக்காலத்தில் கூழைக்கடாக்கள் ஆந்திரா பக்கம் நேலப்பட்டில் மரங்களில் கூடு கட்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டுப் போனார். தன் வீட்டு ஆள் வெளியூரில் யாரிடம் மாட்டிக்கொள்கிறதோ என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஏறிவிட்டான். எளாவூர் செக்போஸ்ட்டில் எல்லோரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். மடவைக் கூடையோடு எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, "சொந்தக்காரங்களப் பாக்க," என்றான். மீன் கூடையோடு மரத்தடியில் இரண்டு நாள் அண்ணாந்து நின்றான். தலை முழுக்க எச்சம் விழுந்ததைத் தவிர வேறு விருந்தோம்பல் கிடைக்கவில்லை. ஆனால் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு வந்தான். வந்த அன்று மூத்தவளை மடியில் வைத்துக்கொண்டு, கூழைக்கடா குஞ்சு அம்மா வாய்க்குள்ளேயே தலையை விட்டுச் சாப்பிடுவதை நடித்துக் காட்டினான். கஸ்தூரியம்மாள் அப்போதுதான் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நோட்டுப் பேருக்காகச் செய்கிறவன் முகம் இப்படி இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

எண்பதில் அரசாங்கம் ஏரியைச் சரணாலயம் என்று அறிவித்துப் பலகை நட்டது. நட்ட பலகையை யார் படிக்கிறார்கள்? பூபதிதான் சுண்ணாம்புக்குளம் வரை போய், கண்ணி வைக்கிறவர்களிடம் கெஞ்சினான். அறுந்த வலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு வருகிறவர்களிடம் சண்டை போட்டான். அந்த ஊர்க்காரர்களுக்கு அவனை முன்பே தெரியும், தூங்கிக்கொண்டே வந்தவன்தானே என்று உட்கார வைத்துக் கேட்டார்கள்.

எண்பத்தைந்து கார்த்திகையில் ராஜவேலு ஒரு செத்த கூழைக்கடாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மழையில் அடித்துப் போன பழைய வலையொன்றில் சிக்கி மூழ்கிவிட்டிருந்தது. ஊர் கூடிவிட்டது. நாட்டார் நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"இது உன்னோடதா?" என்று பூபதியைக் கேட்டார்.

ஊருக்கெல்லாம் ஒன்று தெரியும். அடையாளம் சொல்லக் கூடியவன் பூபதி ஒருத்தன்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாட்டார்கூட அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று கஸ்தூரியம்மாள் கழுத்து சுளுக்கும் அளவுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

பூபதி அவளைப் பார்க்கவில்லை. இறக்கையை விரித்துத் தடவினான். விரல் ஓரிடத்தில் நின்றது. அப்படியே அதன் கழுத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழுதான். வாய்விட்டு, வெட்கமில்லாமல் அழுதான்.

"நம்மளுதுதான் நாட்டாரே," என்றான்.

"பூபதி, இன்னா சொல்றேனு தெரிஞ்சுதான் சொல்றியா?"

"எட்டு வருசமா உயிரோட இருந்துருக்குது நாட்டாரே. அத்த நான் இல்லனு எப்படிச் சொல்றது?"

நாட்டார் ரொம்ப நேரம் பேனா மூடியைத் தேடுவதுபோல நடித்தார். மூடி பேனாவில்தான் இருந்தது. கடைசியில் பேரை அடித்தார். 

கஸ்தூரியம்மாள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விடியுமுன் விழித்துப் பார்த்தால் பாயில் ஆள் இல்லை. ஏரிப் பக்கமிருந்து டால்டா டின் சத்தம் கேட்டது. பேரும் போச்சு, பறவையும் போச்சு, இன்னும் எதற்குப் போகிறாய் என்று அமீர் ஜான் கேட்டாராம். "தெரியல பாய். தூக்கம் வரல," என்றானாம்.

பொங்கல் கழிந்து அடுத்த சீட்டுக் குலுக்கல் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால் ராஜவேலுதான் நாட்டாரிடம் போனான். "அவன் பேரை எழுதுங்க நாட்டாரே. வலை என்னோடது இல்லன்னாலும் தூக்கியாந்தது நான்தான். மனசு கேக்கல."

"அடிச்ச பேரைத் திரும்ப எழுத முடியாது. தீர்ப்பு தீர்ப்புதான்," என்றார் நாட்டார். பிறகு தானே ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து, விடிந்ததும் பூபதி வீட்டு வாசலில் வந்து சொன்னார். "புதுப் பேரு எழுதலாம். ஆனா புதுசா கல்யாணம் ஆவுற மாப்ளைக்குத்தான் புதுத் தலைக்கட்டு. அவன் கல்யாணம் பண்ணிக்கட்டும்."

"யார?" என்று கேட்டாள் கஸ்தூரியம்மாள்.

அந்தக் குரலைக் கேட்டு நாட்டார் அவசரமாக, "உன்னைத்தாம்மா," என்றார்.

கஸ்தூரியம்மாள் லேசில் சம்மதிக்கவில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் விவரம் தெரியாமல் தலையாட்டிவிட்டேன், இந்தத் தரம் யோசித்துத்தான் சொல்வேன் என்றாள். பெண் பார்க்க வரச் சொன்னாள். பூபதி ராஜவேலுவையும் அமீர் ஜானையும் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கே பெண் பார்க்கப் போனான். மூத்த மகள் காபி கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளை தூங்குவாரா என்று பெண் வீட்டார் கேட்டார்கள். முன்னே தூங்குவார், இப்போது இல்லை என்று ராஜவேலு சாட்சி சொன்னான்.

குலுக்கல் நடக்கிற வெள்ளிக்கிழமை காலையிலேயே முகூர்த்தம். ஒன்பது மணிக்குள் தாலி ஏறினால்தான் மத்தியானச் சீட்டில் பேர் விழும். தவறினால் இன்னொரு வருஷம் பட்டினி. கோயிலில் நாயனமும் மேளமும் முழங்கின. கஸ்தூரியம்மாள் புதுப் புடவையில், பெண்கள் மூவரும் தோழிகளாக நிற்க, மணையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து மணை காலியாக இருந்தது.

"மாப்ள எங்க?"

"ஏரில துப்பாக்கி சத்தம் கேட்டுது," என்றார் அமீர் ஜான் தயங்கித் தயங்கி. "மாலையோட போயிட்டாரு."

நாட்டார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டரை. "ஆள் அனுப்பு. ஒம்போதுக்குள்ள அவன் வர்லேன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

கஸ்தூரியம்மாள் எழுந்து புடவையைத் தூக்கிச் செருகினாள். "அவன் வரமாட்டான். நாம போவலாம்," என்றாள்.

முப்பது படகு கிளம்பியது. நாயனக்காரர் நிறுத்தலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஊதிக்கொண்டே வந்தார். ஏரி நடுவில் பட்டு வேட்டியும் மாலையுமாகப் பூபதி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கூழைக்கடாக் கூட்டம். முன்னால் ஒரு படகில் வெளியூர்க்காரர்கள் மூன்று பேர், துப்பாக்கியோடு. டின்னை மறந்து வந்துவிட்டதால் அவன் இரண்டு கையையும் அகலமாக விரித்துக்கொண்டிருந்தான். ஒதுங்கு, இல்லாவிட்டால் சுடுவேன் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். பூபதி ஒதுங்கவில்லை.

மேளச் சத்தத்தோடு முப்பது படகு தங்களை நோக்கி வருவதைப் பார்த்ததும் அவர் துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

கஸ்தூரியம்மாள் படகிலிருந்து தண்ணீரில் குதித்து அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "கோவமா?" என்று கேட்டான் பூபதி.

"அத்த அப்பால சொல்றேன். மொதல்ல கட்டு," என்றாள். நாட்டார் தாலியை நீட்டினார். மூன்றாம் முடிச்சு விழும்போது மணி எட்டு ஐம்பத்தேழு.

துப்பாக்கிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. தண்ணீரில் கல்யாணம், பெண் பக்கத்தில் ஊரே நிற்கிறது, மாப்பிள்ளை பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க யாரும் வரலையா?" என்று கேட்டுவிட்டார்.

கஸ்தூரியம்மாள் பின்னால் கையைக் காட்டினாள். இருநூறு கூழைக்கடாக்கள் வெயிலில் அசையாமல் மிதந்தன.

"தோ, எல்லாரும் வந்து கீறாங்க," என்றாள். "துப்பாக்கிய வெச்சுட்டு நீயும் வந்து சாப்ட்டுப் போ."

மூன்று பேரும் குனிந்த தலை நிமிராமல் வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். மத்தியானம் நாட்டார் நோட்டைப் பிரித்து, அந்த வருஷத்துப் புது மாப்பிள்ளைகள் வரிசையில் கடைசியாகப் பூபதியின் பேரை எழுதினார்.